விறலி என்றால் ‘அந்த மாதிரிப் பெண்’ணாம்!

சனிக்கிழமைப் பட்டிமன்றத்தில் நடுவர் உதிர்த்த முத்தைப் பற்றி எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். அந்தக் காணொளித் துணுக்கை இதுவரை 11 பேர் அனுப்பிவிட்டதால் எழுதுகிறேன். சங்க காலத்தில் ஆடிப் பாடிய பெண் கலைஞரான விறலியை ‘அந்த மாதிரிப் பெண்’ என்றார் அவர்; அது தவறு. அரங்கமே சிரித்ததால் அது சரியாகிவிடாது.

விறல் என்றால் வெற்றி, ஆற்றல். கூத்துக் கலையில், உள்ளத்து உணர்ச்சி உடம்பில் புலப்படும் சத்துவம். விறல்பட ஆடியும் பாடியும் வந்தவள் விறலி. திறமையால் வந்த பெயர் அது. யாருடைய ஒழுக்கத்தையும் அளக்க வந்த சொல் அன்று. புறநானூற்று 103ஆம் பாடலில், தோளில் சுமக்கும் காவடித் தண்டின் ஒருபுறம் பதலை என்னும் பறையும் மறுபுறம் சிறுமுழவும் தொங்க, கவிழ்ந்து கிடக்கும் தன் மண்டை என்னும் உண்கலத்தை நிமிர்த்தி நிரப்புவார் யார் என்று வறண்ட சுரத்து வழியிலே அமர்ந்திருக்கும் விறலியை ஔவையார் அதியமானிடம் போகச் சொல்கிறார். பசித்த கலைஞரைத் தவிர வேறு யாரை அங்கே காண முடிகிறது?

“தலைவனுக்காகத் தூது போனவள்தானே?” என்று உடனே சிலர் வருவீர்கள். தொல்காப்பியக் கற்பியல், தலைவன் தலைவியரிடையே தூது செல்லும் வாயில்களைப் பட்டியலிடும்போது பாணன், பாட்டி, விறலியரோடு பார்ப்பானையும் சான்றோரான அறிவரையும் சேர்த்தே சொல்கிறது. அறிவரையும் நடுவர் அப்படித்தான் அழைப்பாரா? அங்கே வரும் பாட்டி உங்கள் அப்பத்தா அல்லள், பாணர் குடிப் பெண் என்பதையாவது அவர் அறிவாரா? விறலியைத் தூது விடுவதாகப் பாடும் விறலிவிடு தூது நூல்களை இழுக்காதீர்கள்; அவை பல நூற்றாண்டுகள் பிந்தியவை.

எனக்கு 14 வயதானபோது ஊர்க் கோயில் கொடையில் மேடையேறிப் பாடினேன். “நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?” என்று என் தாய்மாமா அம்மாவிடம் கேட்டார். அதே மேடையில் பாடிய தம் மகனுக்குத் துண்டு போர்த்தியவரும் அவரே. பாணன் என்றால் கலைஞன், விறலி என்றால் மட்டும் கண்ணடிப்பு. இந்தக் கணக்கு எனக்கு அன்றே புரிந்துவிட்டது. நகைச்சுவையை நகைச்சுவையாகப் பார்க்க வேண்டுமாம். முப்பது ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

சங்கப் புலவர் பேய்மகள் இளவெயினியின் புறநானூற்றுப் பாட்டில், வேந்தனின் மறத்தை, அதாவது வீரத்தைப் பாடிய பாடினி என்னும் பாணர் குடிப் பாடகி பொன்னிழை பெறுகிறாள். பாணன் வெள்ளி நாரில் தொடுத்த பொற்றாமரை பெறுவது அவளுக்குப் பிறகுதான். எழுதியவர் ஒரு பெண் என்பதால் அந்த வரிசையை நம்ப மாட்டீர்களோ என்னவோ.

தயவுசெய்து அந்தக் காணொளியை இனி எனக்கு அனுப்பாதீர்கள்.