நம்பாமலே கேட்பவர்கள்

எந்த உண்மையையும் முழுதாக நம்பாத பின்நவீனத்துவம் நம் இலக்கிய நண்பர்கள் சிலருக்கு இன்னும் முடியவில்லை. எதைச் சொன்னாலும் "அதுவும் ஒரு கதையாடல்தானே" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். எல்லாவற்றுக்கும் விளக்கமும் விடிவும் சொல்லும் பெருங்கதையாடல்கள் மீதான அவநம்பிக்கையைப் பற்றிப் பிரெஞ்சுத் தத்துவவாதி லியோதார் 1979இல் எழுதினார். வன்னியில் பெருங்கதையாடல் ஒன்று சரிந்ததை நாம் புத்தகத்தில் படிக்கவில்லை. 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் கடற்கரையில் கண்ணால் பார்த்தோம். அதற்குப் பிறகும் எதையும் நம்பாதிருப்பதைக் கெட்டித்தனமாகக் காட்டிக்கொள்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது.

அந்த எரிச்சலில்தான், பின்நவீனத்துவத்துக்கு அடுத்து வந்ததாகச் சொல்லப்படும் மெட்டாமாடர்னிசம் பற்றி வாசிக்கத் தொடங்கினேன். நெதர்லாந்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெர்மூலன், வான் டென் ஆக்கர் இருவரும் 2010இல் எழுதிய கட்டுரையே இந்தப் பேச்சைப் பரவலாக்கியது. காலநிலை நெருக்கடியும் நிதிச் சரிவும் கண்ட தலைமுறை, நவீனத்துவத்தின் ஆர்வத்துக்கும் பின்நவீனத்துவத்தின் எள்ளலுக்கும் இடையில் ஊசலாடுகிறது என்கிறார்கள். விவரம் தெரிந்த வெகுளித்தனம், நடைமுறை அறிந்த இலட்சியவாதம் என்கிறார்கள்.

அவர்கள் கலையிலும் சினிமாவிலும் உதாரணம் தேடுகிறார்கள். எனக்கு நினைவுக்கு வந்தவர்கள், 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோவிலடியில் தொடர் போராட்டத்தில் அமர்ந்த, வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார். அரசு அமைத்த காணாமல்போனோர் அலுவலகத்தில் நம்பிக்கை இல்லை என்று அவர்கள் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் பிள்ளையின் படத்தை ஏந்திக்கொண்டு வருகிறார்கள். ஏமாற்றப்படலாம் என்பது தெரிந்துதான் பிள்ளை எங்கே என்று கேட்கிறார்கள். இவர்களிடம் போய் நீதி என்பது மனிதர் கட்டிவைத்த ஒரு கட்டமைப்பு மட்டுமே என்று விளக்க முடியுமா? (விளக்கக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். அவர் பாதுகாப்பாகக் கொழும்பில் இருக்கிறார்.)

ஆனால் அந்த 'ஊசலாட்டம்' எனக்கு ஒட்டவில்லை. இன்று நம்பிக்கை, நாளை எள்ளல் என்று போய்வர ஒருவருக்கு வசதி வேண்டும். இந்த அம்மாமாரிடம் அவநம்பிக்கையும் எதிர்பார்ப்பும் ஒரே மூச்சில் இருக்கின்றன. காலத்தின் ரசனை மாறியதால் அது வரவில்லை. பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் இன்னும் சொல்லாததால் வந்தது.

மெட்டாமாடர்னிசச் சிந்தனையை அரசியலுக்கு எடுத்துச் சென்றவர் ஹன்ஸி ஃப்ரைனாக்ட். அப்படி ஓர் ஆள் கிடையாது. இருவர் சேர்ந்து உருவாக்கிய கற்பனைத் தத்துவவாதி. எள்ளலையும் தீவிரத்தையும் ஒன்றாக்கும் உத்தி என்ற வகையில் எனக்கு அது பிடித்தே இருக்கிறது. 2017இல் அந்தப் பெயரில் வந்த 'செவிமடுக்கும் சமூகம்' என்ற நூல், ஒவ்வொருவரின் அகவளர்ச்சியிலும் அக்கறை கொள்ளும் அரசியலைக் கோருகிறது. ஸ்வீடன், டென்மார்க் போன்ற நோர்டிக் நாடுகளுக்கு அது அடுத்த படியாக இருக்கலாம். வன்னியில் செவிமடுப்பதற்குப் பஞ்சமே இருந்ததில்லை. 2010இல் அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு கேட்டது. காணாமல்போனோர் பற்றி விசாரிக்க 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு கேட்டது. பிறகு அந்தக் காணாமல்போனோர் அலுவலகமும் கேட்டது. எல்லோரும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். கேட்டவர் பதில் சொல்லாமல் எழுந்து போனால் அவரை எப்படிப் பிடித்து நிறுத்துவது? ஃப்ரைனாக்டை ஆழ்ந்து படித்தவர்கள் இதற்குப் பதில் எழுதுங்கள். விவாதிக்க நான் தயார்.