கடைசி டேப்பை மூடினால் கடையையே மூடுவதா?

குரோம் பிரவுசரில் ஐம்பது அறுபது டேப் திறந்து பாருங்கள். தலைப்பெல்லாம் காணாமல் போய் வெறும் ஐகான்தான் மிஞ்சும். ஒரே தளத்தின் பத்துப் பக்கங்கள் என்றால் பத்துக்கும் அச்சு அசலாக ஒரே ஐகான். எதில் எது இருக்கிறது என்று ஜோசியமா பார்க்க முடியும்? இதில் இன்னொரு கொடுமை: டேப் ரொம்பச் சுருங்கிவிட்டால், நீங்கள் நிற்கும் டேப்பில் ஐகான் இருந்த இடத்தில் மூடும் குறி வந்து உட்காரும். அந்த டேப்புக்குப் போக ஒரு கிளிக். கை பதறி அதே இடத்தில் இன்னொரு கிளிக் விழுந்தால் பக்கம் காலி. இதை வடிவமைத்தவர்கள் அறுபது டேப் திறந்து வேலை பார்த்திருப்பார்களா என்ன!

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர் இந்த விஷயத்தில் தேவலை. 76 பிக்சலுக்குக் கீழே டேப்பைச் சுருக்காது. இடம் போதாவிட்டால் வரிசை பக்கவாட்டில் நகரும், மவுஸ் சக்கரத்தால் உருட்டிக்கொள்ளலாம். முகவரிப் பட்டையில் சதவீதக் குறி, ஒரு இடைவெளி, பிறகு தேடும் சொல் என்று அடித்தால் திறந்திருக்கும் டேப்களுக்குள் மட்டும் தேடும். குரோமில் அதற்கு கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ.

ஆனால் ஃபயர்ஃபாக்ஸும் யோக்கியமில்லை. டேப்களைக் குழுவாகப் பிரிக்கும் வசதியை 2011-இல் கொடுத்தார்கள், 2016-இல் பிடுங்கினார்கள், 2025-இல் புதுசு போல மறுபடி கொண்டுவந்தார்கள். செங்குத்து டேப்பும் 2025-இல்தான். மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசர் அதை 2021-லேயே கொடுத்துவிட்டது. திரை அகலமாகக் கிடக்கிறது, உயரம்தான் பற்றாக்குறை. டேப்பைப் பக்கவாட்டில் அடுக்க இத்தனை வருஷமா?

டேப் விட்டு டேப் தாவ அழுத்தும் கண்ட்ரோல்+டேப் விசை இன்னொரு தலைவலி. குரோமில் அது வரிசையில் வலதுபக்கம் என்ன இருக்கிறதோ அங்கேதான் போகும். இரண்டாவது டேப்பையும் முப்பதாவது டேப்பையும் ஒப்பிட்டுப் படிக்கிறீர்களா? நடுவில் உள்ள இருபத்தேழையும் தாண்டுங்கள். கடைசியாகப் பார்த்த டேப்புக்குத் தாவும்படி ஃபயர்ஃபாக்ஸிலும் விவால்டி என்ற பிரவுசரிலும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். குரோமில் அந்தத் தேர்வே கிடையாது.

சத்தத்தை நிறுத்துவதிலும் அதே கதை. ஃபயர்ஃபாக்ஸில் அந்த டேப் மட்டும் ஊமையாகும். குரோமில் வலது கிளிக் செய்தால் தளத்தையே ஊமையாக்கச் சொல்கிறது. அதே தளத்தில் இன்னொரு டேப்பில் ஓடும் வீடியோவும் வாயை மூடிக்கொள்ளும்.

பார்க்காத டேப்களை உறங்க வைத்து நினைவகத்தை மிச்சப்படுத்தும் குரோமின் மெமரி சேவர் பாதி நிரப்பிய படிவத்தை விட்டுவைக்கும், அதுவரை சரி. ஆனால் கீழே கீழே என்று உருட்டி வந்த முடிவில்லாத பட்டியலை உறங்க வைத்துவிட்டு, திரும்பி வரும்போது மறுபடி லோடு செய்யும். நின்ற இடம் போச்சு. அமைப்புகளில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய், எப்போதும் விழித்திருக்க வேண்டிய தளங்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தொலைக்க வேண்டும்.

மூடுவதற்கு வருவோம். மூடிய டேப்பை மீட்க கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி. டேப்பை மூட கண்ட்ரோல்+டபிள்யூ. மீட்டது தவறான டேப் என்று ஷிஃப்டிலிருந்து விரலை எடுக்காமல் டபிள்யூவைத் தட்டினால்? மொத்த விண்டோவும் போச்சு. ஃபயர்ஃபாக்ஸில் பல டேப்களை மூடும் முன் கேட்கச் சொல்லி ஒரு டிக் வைக்கலாம். விண்டோஸில் ஓடும் குரோம் கேட்காது. திரும்ப கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி அடித்தால் விண்டோ வந்துவிடும். பார்த்த தடத்தைச் சேமிக்காத இன்காக்னிட்டோ விண்டோ என்றால் அதுவும் வராது.

கடைசி டேப்பை மூடினால் விண்டோவும் சேர்ந்து சாவது எந்த ஊர் நியாயம்? ஃபயர்ஃபாக்ஸில் முகவரிப் பட்டையில் அடித்துத் திறக்கும் அபவுட்:கான்ஃபிக் என்ற உள் அமைப்புப் பக்கத்தில் லாஸ்ட்டேப் என்று ஆங்கில எழுத்தில் இடைவெளி இல்லாமல் தேடி, அதன் மதிப்பை ஃபால்ஸ் ஆக்கினால் தொல்லை விட்டது. குரோமில் ஒட்டுவேலைதான்: ஒரு வெற்று டேப்பைப் பின் செய்து, அதாவது வரிசையின் தொடக்கத்தில் நிலையாகக் குத்தி வையுங்கள், மற்றதெல்லாம் மூடினாலும் விண்டோ நிற்கும். ஆனால் அதற்கு மேல் இன்னொரு கண்ட்ரோல்+டபிள்யூ விழுந்தால் பின் செய்த டேப்பையும் கேட்காமல் மூடிவிட்டுப் போய்விடும்.