செல்போன் வெளிச்சம் வேண்டாம்

கரையில் ஆமைக் குஞ்சைப் பார்த்தால் கையில் எடுத்துக் கடலில் விடலாம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த வரியை மாற்றுங்கள். நான் மதுரை செல்லூர்க்காரன். எங்கள் ஊரிலிருந்து அமாவாசைக்கு ராமேஸ்வரம் போகிறவர்கள் பாதிப் பேர் அப்படியே தனுஷ்கோடிக்கும் போய்விட்டுத்தான் திரும்புவார்கள். அவர்கள் இதைப் படித்துவிட்டு அப்படியே செய்வார்கள்.

இரண்டு வருடம் முன்பு, பங்குனி மாதம், அங்கே வனத்துறையினர் குஞ்சுகளை விடுவதை விடியற்காலையில் பார்த்தேன். தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி மணலில்தான் விட்டார்கள். உள்ளங்கையில் அடங்கும் உயிர், தானாகவே ஊர்ந்து அலைக்குள் போகிறது. என் மகள் மூச்சுகூட விடாமல் நின்றாள். பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி) என்று சொல்லப்படும் இந்தக் கடலாமைகள் ஒரு தடவைக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். 45 முதல் 60 நாளில் பொரியும். அதில் வளர்ந்து பெரிதாகிறவை மிகச் சொற்பம்.

இரவில் குஞ்சுகள் வெளிச்சமான அடிவானத்தைப் பார்த்துத்தான் கடலைக் கண்டுபிடிக்கும். நாம் டார்ச்சோ செல்போனோ அடித்தால் ரோட்டுப் பக்கம் திரும்பிவிடும், விடிந்ததும் வெயிலிலும் நாயிடமும் காக்கையிடமும் சாகும். விளக்கை அணைத்துவிட்டு வழிவிட்டு நில்லுங்கள். திசை தப்பிய குஞ்சைக் கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். 1972 வன உயிரின (பாதுகாப்பு) சட்டத்தில் மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் உள்ள உயிர் இது. செல்ஃபிக்காகத் தூக்குவதும் குற்றம்தான்.