அந்த 12 நொடி வீடியோவைப் பற்றி

மூன்று நாளாக எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வீட்டிலும் அதையே சொன்னார்கள், விடு, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்று. நேற்று இரவு குடியிருப்புச் சங்கத்திலிருந்து வந்த செய்தியைப் படித்த பிறகு தூக்கம் வரவில்லை. வீடியோவை இந்நேரம் பாதிப் பேர் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காக நான் அதை இங்கே மறுபடி போடப் போவதில்லை. அதில் இருக்கும் முகங்கள் என் முகம் மட்டுமில்லை.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, வாடகை கட்டி, ரசீது வாங்கி, ஆறு பேர் குடியிருப்பு ஹாலில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, சின்ன உருவங்களை நகர்த்தி, பகடை உருட்டிக் கதை நடத்துகிற ஆட்டம். மேசைமேல் தெர்மாகோலில் செதுக்கிய குன்று, தேங்காய் நாரில் செய்த புதர், டீத்தூள் காயவைத்துத் தூவிய மண்பாதை. ஒருவர் உள்ளே வந்தார். போனைத் தூக்கினார். ஒரு சின்ன உருவத்தை அதன் ஈட்டியைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "இந்த வயசுல பொம்மை விளையாட்டு, அதுவும் தாயம் உருட்டி" என்று சிரித்தார். டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவுதான், 12 நொடி. இப்போது, பகடை வைத்து ஆடும் எந்த ஆட்டத்துக்கும் இனி ஹால் தரமாட்டோம் என்கிறார்கள் சங்கத்தில்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். வளர்ந்த மனிதர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவது தப்பில்லை. யாருக்கும் தொந்தரவு இல்லாமல், குடிக்காமல், கத்தாமல், காசு வைக்காமல் ஆறு பேர் ஐந்து மணி நேரம் உட்கார்ந்து விளையாடினால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? நிஜமாகவே கேட்கிறேன்.

பொம்மை என்கிறீர்கள். சரி, பொம்மை என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஊரில் சதுரங்கம் என்று ஒன்று இருக்கிறது. யானை, குதிரை, தேர், காலாள் என்று நான்கு அங்கம் கொண்ட படை, அதுதான் பெயர்க்காரணமே. 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலம் முழுக்கக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அடித்தார்கள். வேட்டி கட்டிய குதிரைக்குத் 'தம்பி' என்று பெயர் வைத்தார்கள். பாலத்தைப் பார்க்க நானும் போனேன், அம்மாவை நிறுத்திப் படம் எடுத்தேன், அவ்வளவு பெருமையாக இருந்தது. அந்தச் சதுரங்கத்தின் பேரப்பிள்ளைதான் நாங்கள் ஆடுவது. ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஹெல்விக் என்ற கணக்கு ஆசிரியர் 1780இல் சதுரங்கப் பலகையை 1,600க்கும் மேற்பட்ட கட்டங்களாகப் பெருக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் மலை, ஆறு, சதுப்பு என்று நிறம் கொடுத்தார். பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் அப்பா தொடங்கிய ஆட்டத்தை வளர்த்து, 1824இல் கட்டமே இல்லாமல் நிஜ வரைபடத்தின் மேல் ஆட விதிகள் எழுதினார். நீலக் கட்டைகள் ஒரு படை, சிவப்புக் கட்டைகள் இன்னொரு படை, நடுவில் தீர்ப்புச் சொல்ல ஒரு நடுவர். அந்த நடுவர் இருக்கிறாரே, அவருடைய வழிவந்தவர்தான் இன்று நீங்கள் வீடியோவில் பார்த்த, அட்டைத் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கண்ணாடிக்காரர். கதையை நடத்துபவர் அவர்தான், டஞ்சன் மாஸ்டர் என்போம்.

பொம்மை யுத்தத்தால் என்ன பிரயோஜனம் என்று ஒருவர் கமெண்டில் கேட்டிருந்தார். அவருக்காக இதைச் சொல்கிறேன், மற்றவர்களும் கேளுங்கள். 1942. இரண்டாம் உலகப் போர். அட்லாண்டிக் கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டே இருக்கின்றன. பிரிட்டனுக்கு வரும் சாப்பாடும் எண்ணெயும் அந்தக் கப்பல்களில்தான். காசநோயால் கடற்படையிலிருந்து ஓய்வு கொடுத்து அனுப்பப்பட்ட கில்பர்ட் ராபர்ட்ஸ் என்பவரைத் திரும்ப அழைத்து, லிவர்பூலில் ஒரு மாடியில் இடம் கொடுக்கிறார்கள். அவர் செய்தது என்ன தெரியுமா? தரையைக் கடலாக்கினார். சாக்பீஸால் கோடு போட்டு, குட்டிக் கப்பல்களை வைத்து நகர்த்தினார். கடற்படைப் பெண்கள் பிரிவிலிருந்து வந்த இளம்பெண்கள் அவரோடு சேர்ந்து ஆடினார்கள். கப்பல் தலைவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, ஓட்டை வழியாகத் தெரிகிற அளவு மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். நீர்மூழ்கி கப்பல் கூட்டத்துக்கு வெளியே நின்று சுடவில்லை, உள்ளேயே புகுந்து சுடுகிறது என்பதை அந்தத் தரையில்தான் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பதிலடியாக ஒரு வியூகம் வகுத்தார்கள். 'ராஸ்பெர்ரி' என்று அதற்குப் பெயர் வைத்தது ஜீன் லெய்ட்லா என்ற பெண். அட்மிரல் மேக்ஸ் ஹார்டன், அவரே முன்னாள் நீர்மூழ்கித் தளபதி, அங்கே வந்து ஆடிப் பார்த்தார். எதிரே ஆடியவர் ஜேனட் ஓகெல், இருபது வயசுப் பெண். அட்மிரல் திரும்பத் திரும்பத் தோற்றார். போர் முடிவதற்குள் ஏறக்குறைய 5,000 அதிகாரிகள் அந்தத் தரையில் பயிற்சி எடுத்தார்கள். தரையில் மண்டியிட்டுக் குட்டிக் கப்பல் நகர்த்திய அந்தப் பெண்களை யாரும் படம் பிடித்துச் சிரிக்கவில்லை.

அடுத்தது சூதாட்டம். இதுதான் எனக்கு அதிகம் எரிச்சல். பகடை என்றாலே சகுனி ஞாபகம் வருகிறது சிலருக்கு. என் பாட்டி திண்ணையில் சாக்பீஸ் கட்டம் போட்டு, பித்தளைத் தாயக்கட்டையை உள்ளங்கையில் உரசி உருட்டுவார். தாயம் விழுந்தால் கூச்சல் தெருவுக்கே கேட்கும். அவர் சூதாடியா? வைகுண்ட ஏகாதசிக்குக் கண்விழிக்கப் பரமபதம் ஆடுவார்கள், பாம்பு கடித்து இறங்கி, ஏணி ஏறி. அது சூதா? எங்கள் மேசையில் இருப்பது இருபது முகம் கொண்ட பகடை. உன் பாத்திரம் ஆற்றைத் தாண்டிக் குதிக்கப் பார்க்கிறது, குதித்ததா விழுந்ததா என்று அது சொல்லும். ஒரு பைசா கை மாறாது. சங்கத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், பத்து நிமிஷம் நின்று பார்த்திருந்தால் இது புரிந்திருக்கும். இதே குடியிருப்பில் எந்தெந்தப் பண்டிகை இரவில் எந்தெந்த வீட்டில் சீட்டுக்குக் காசு வைக்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். அதை நான் ஒருநாளும் படம் எடுத்ததில்லை, எடுக்கவும் மாட்டேன்.

காசு வீணாம். மாதம் 1,500 ரூபாய், என் சம்பளத்தில். அதற்குமேல் இதில் பேச எதுவுமில்லை.

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் உள்பெட்டியில் எழுதினார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. சண்டையை மேசையில வைச்சு விளையாடுறது எனக்கு ஏதோ மாதிரிக் கிடக்கு." அவரோடு நான் வாதம் செய்யவில்லை. ரொம்ப நேரம் பதில் எழுதத் தெரியாமல் இருந்தேன். எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைச் சிப்பாய்களை வைத்து ஆடுவதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாகப் போட்டார். பொம்மைப் போரை மூன்று நான்கு தடவை ஆடிப் பார்த்தாலே நிஜப் போர் எவ்வளவு கண்மூடித்தனமான காரியம் என்று தெரிந்துவிடும் என்ற பொருளில் அதன் கடைசியில் எழுதியிருக்கிறார். மறு வருஷமே உலகப் போர் வந்தது. யாரும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. நண்பருக்கு இதை எழுதவில்லை, அவர் பட்டதற்கு முன்னால் வெல்ஸ் எதற்கு. எங்கள் மேசையின் விதியை மட்டும் சொன்னேன். அனுபவித்தவர்கள் உயிரோடு இருக்கிற எந்தப் போரையும் நாங்கள் ஆடுவதில்லை. அதற்கு அவர் "சரி அண்ணை" என்றார். அவருக்கு அது போதுமா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவர் கேட்டது கேள்வி. மற்றவர்கள் செய்தது கேலி. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

அம்மா வீடியோவைப் பார்த்துவிட்டார். அவர் குழுவிலும் யாரோ போட்டிருக்கிறார்கள். "என்னடா, ஊரே உன்னப் பாத்துச் சிரிக்குதாமே" என்று கேட்டார். 74 வயசு. நவராத்திரிக்கு ஒன்பது படி கட்டி, பரணிலிருந்து பெட்டி இறக்கி, வைக்கோல் விலக்கி, ஒவ்வொரு பொம்மையாகத் துடைத்து, வண்ணம் போன இடத்தில் தானே தொட்டுவைப்பவர். கல்யாண ஊர்வலம், செட்டியார் கடை, கிரிக்கெட் மைதானம் என்று ஒரு உலகத்தையே வரவேற்பறையில் நிறுத்துவார். அக்கம்பக்கத்தார் எல்லோரும் சுண்டல் வாங்கிக்கொண்டு "எவ்வளவு அழகு மாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான். என் உருவங்களின் உயரம் மூன்று சென்டிமீட்டர். கண் வைக்க டிரிபிள் ஜீரோ என்கிற மிக மெல்லிய பிரஷ் வேண்டும், அதிலும் நுனியில் இரண்டு மயிர்தான் வேலை செய்யும். முதல் வருஷம் எனக்குக் கை நடுங்கி, எல்லா வீரனுக்கும் மாறுகண் வந்தது. அம்மாதான் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரெண்டு மணிக்கட்டையும் சேத்து வச்சுக்கோ, மூச்சப் பிடிச்சுட்டு வை" என்று சொல்லிக் கொடுத்தார். அது கொலு பொம்மைக்குக் கண் எழுதிய கை சொன்னது. அந்த அம்மாவிடம்தான் இன்று ஊர் சிரிக்கிறது என்கிறார்கள்.

சென்னையில் இதைச் செய்வதே பாடு. ஐப்பசி மழையில் ஸ்ப்ரே பிரைமர், அதாவது வண்ணத்துக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு, அடித்தால் ஈரக் காற்றில் மாவு பூத்த மாதிரி சொரசொரப்பாகிவிடும், அதனால் பிரஷ்ஷால்தான் பிரைமர் பூசுவோம். பிறகு அடிவண்ணம், அது காய்ந்ததும் தண்ணீராய்க் கரைத்த பழுப்பு வாஷ். பள்ளத்தில் எல்லாம் தானாக இறங்கி நிழல் கட்டும். அதைப் பார்க்கிற நேரம், இரவு பதினொரு மணி, மேசை விளக்கு மட்டும் எரியும், ஆபீஸும் இஎம்ஐயும் மனதில் இருக்காது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த நாற்பது நாளும் நான் பைத்தியம் பிடிக்காமல் இருந்தது இதனால்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

லிவர்பூல் கதையெல்லாம் எதற்குச் சொன்னேன் என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. எந்தக் கடற்படையும் ஆடாமல் இருந்திருந்தாலும், ராஜாக்கள் யாரும் தொடாமல் இருந்திருந்தாலும், எங்களுக்குப் பிடித்திருக்கிறது, நாங்கள் ஆடுகிறோம். வளர்ந்தவர்கள் விளையாடுவது தப்பில்லை. இதற்குச் சான்றிதழ் எதற்கு?

எல்லாவற்றையும் விட எனக்குத் தாங்காதது வேறு. வீடியோவில் ஏழாவது நொடியில் ஓரத்தில் ஒரு பையன் தலையைக் குனிகிறான் பாருங்கள். பெயர் வேண்டாம். 19 வயசு. திக்குவாய். முதல் இரண்டு மாதம் எங்கள் மேசையில் தலையாட்டுவதோடு சரி. மூன்றாவது மாதம் அவன் பாத்திரம், ஊர் ஊராய்ப் போகிற உப்பு வியாபாரி, ஒரு கோட்டைக் காவலனிடம் உள்ளே விடச் சொல்லிப் பேரம் பேச வேண்டியிருந்தது. அவன் பேச ஆரம்பித்தான். வார்த்தை சிக்கியது. யாரும் எடுத்துக்கொடுக்கவில்லை, யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. டஞ்சன் மாஸ்டர் காவலனாகவே முகத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அவன் பத்து நிமிஷம் பேசினான். வியாபாரியின் குரலில் பேசும்போது சிக்கல் பாதியாகக் குறைந்ததை நாங்கள் எல்லோருமே கவனித்தோம், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அன்று அவன் அம்மா கீழே ஸ்கூட்டியோடு நின்றிருந்தார், படியிறங்கும்போதே அவன் அவரிடம் கதை சொல்லிக்கொண்டு போனான்.

அந்த ஈட்டிக்காரன் அவனுடையது. வியாபாரிக்குத் துணையாக வரும் காவல்காரன், அவனே வண்ணம் பூசிய முதல் உருவம். ஐந்து வாரம் ஆனது. கேடயத்தில் சிவப்பு கோட்டைத் தாண்டிவிட்டது என்று மூன்று தடவை அழித்து மறுபடி பூசினான். எங்களில் யாரும் ஒரு உருவத்தை உடம்பில் தொட்டுத் தூக்கமாட்டோம், அடியில் இருக்கும் வட்டத்தைப் பிடித்துத்தான் எடுப்போம். அந்த ஆள் ஈட்டியைப் பிடித்துத் தூக்கினார். வைத்த வேகத்தில் ஈட்டி கைப்பிடிக்கு மேலே உடைந்தது. வீடியோவில் அது தெரியாது, அதற்குள் போன் திரும்பிவிட்டது. திங்கட்கிழமை பையனிடமிருந்து செய்தி: "அண்ணா, இனிமே நான் வரல. எனக்கு ஒண்ணும் இல்ல." குழுவிலிருந்தும் விலகிவிட்டான்.

ஹால் வேண்டாம். வைத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுச் சாப்பாட்டு மேசை நாலுக்கு ஆறு அடி, ஆறு பேர் தாராளமாக உட்காரலாம். அடுத்த இரண்டாவது ஞாயிறு அங்கேதான். அம்மா தோசை வார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஈட்டியை நேற்று ராத்திரி எடுத்து உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் தண்டு, ஒட்டினால் மறுபடி அங்கேயே உடையும். அதனால் மிச்சத் தண்டையும் வெட்டி எடுத்துவிட்டு, கைக்குள் சின்ன டிரில்லால் துளை போட்டு, 0.8 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகினேன். முனையை மட்டும் பழைய ஈட்டியிலிருந்து வெட்டி மேலே ஒட்டினேன். இனி யார் பிடித்துத் தூக்கினாலும் உடையாது. பிரைமர் பூசிவிட்டேன், வண்ணம் பூசவில்லை. அது அவன் வேலை. சனிக்கிழமை சாயங்காலம் பிரஷ்ஷையும் பழுப்பு டப்பாவையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன்.