எங்களுக்கும் சிரிக்கத் தெரியும்

மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய ஒரு பொம்மைப் படத்தை, திரையிடலின்போது பாதியில் நிறுத்திவிட்டார்கள். அமைப்பாளர்கள் அதற்கு ஒரு விளக்கமும் தந்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் மனம் புண்படக் கூடாதாம். ரொம்ப நன்றி. என் மனதைப் பற்றி என்னிடமே கேட்டிருக்கலாம். முன்வரிசையில் சக்கர நாற்காலியில்தான் இருந்தேன்.

அப்படி என்ன படம்? 2007-ல் பிரிட்டனில் லெனார்ட் செஷயர் என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான தொண்டு நிறுவனத்துக்காக ஆர்ட்மேன் என்ற அனிமேஷன் ஸ்டூடியோ எடுத்த 'கிரியேச்சர் டிஸ்கம்ஃபர்ட்ஸ்'. களிமண் பொம்மை விலங்குகள். ஊன்றுகோலோடு ஒரு குச்சிப்பூச்சி. குரல் முழுக்க நிஜ மாற்றுத்திறனாளிகளுடையது. அவர்கள் பேசியதைப் பதிவுசெய்து, அதற்கேற்ப பொம்மையின் வாயை ஃபிரேம் ஃபிரேமாக அசைத்திருக்கிறார்கள். அதாவது, பேசுவதே நாங்கள்தான். நாங்கள் பேசுவதை நிறுத்திவிட்டு எங்கள் மனதைக் காப்பாற்றுகிறீர்கள்!

ஒருமுறை நண்பனுக்காகச் சாலையோரம் காத்திருந்தேன். ஒரு நல்ல மனிதர், கேட்கவில்லை கொள்ளவில்லை, நாற்காலியைத் தள்ளிக்கொண்டுபோய் எதிர்ப்பக்கம் விட்டார். அப்புறம் குனிந்து, "கவலைப்... படாதீங்க... தம்பி" என்று காதருகே கத்தினார். எனக்குக் கால்தான் வராது சார், காது பாம்புச் செவி. அந்தப் பக்கம் நண்பன் என்னைத் தேடி அலைந்துகொண்டிருந்தான்.

இதையே சோக வயலின் போட்டுக் காட்டினால் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போவீர்கள். ஒரு பொம்மை சொன்னால் சிரிப்பீர்கள். சிரிக்கும்போதே 'அந்த ஆள் நான்தானோ' என்று சுருக்கென்று தைக்கும். சிரிப்பு எங்கள் உடம்பைப் பார்த்து இல்லை, உங்களைப் பார்த்து. உண்மையில் புண்பட்டது யார் மனம் என்று இப்போது புரிகிறதா?

"இதைப் பார்த்துப் பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தால்?" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் என்னைக் கேலி செய்த பிள்ளைகள் எந்தப் படத்தையும் பார்த்துவிட்டு வரவில்லை. "எல்லோரும் உங்களைப் போல லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்" என்பவர்களுக்குப் பதில் சொல்லப்போவதில்லை. நான் லேசாக எடுத்துக்கொள்கிறேன் என்று யார் சொன்னது?

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா.வின் 2006 உடன்படிக்கையில் 8-வது பிரிவே விழிப்புணர்வு பற்றியதுதான். எங்களைப் பற்றிய தப்பான எண்ணங்களை எதிர்க்கச் சொல்கிறது. எங்களைப் பார்த்து அழச் சொல்லவில்லை. நீங்களோ ஒன்று கண்ணீர் விடுகிறீர்கள், இல்லையென்றால் 'தன்னம்பிக்கை நாயகன்' என்று பொன்னாடை போர்த்துகிறீர்கள். நடுவில் ஒரு சாதாரண ஆளாக, கடி ஜோக் அடித்துத் திட்டு வாங்க, எனக்கு இடமே இல்லையா?

கீழே யாரும் 'மனம் கனத்தது' என்று எழுத வேண்டாம். படத்தைத் தேடிப் பாருங்கள். சிரிப்பு வரவில்லை என்றால் மொக்கை என்று சொல்லுங்கள், சண்டை போடலாம்.