தரையிறங்கியதோடு வேலை முடியவில்லை

இரண்டாம் உலகப் போரின் கிளைடர்களை (வேறு விமானம் இழுத்துச் சென்று விடும், இன்ஜின் இல்லாத விமானங்கள்) பற்றி ஒரு கட்டுரை படித்தேன். 'கிளைடர் விமானிக்குத் தரையைத் தொட்டதும் வேலை முடிந்தது' என்று அது சொல்வது பிரிட்டிஷ் ராணுவத்தின் கிளைடர் பைலட் ரெஜிமென்டுக்குப் பொருந்தாது. அவர்கள் முழுப் பயிற்சி பெற்ற காலாட்படை வீரர்கள். இறங்கியதும் துப்பாக்கியைத் தூக்க வேண்டியவர்கள். அமெரிக்க கிளைடர் விமானிகளுக்கு அந்த அளவு தரைப்போர்ப் பயிற்சி கிடையாது. கட்டுரையாளர் இரண்டையும் குழப்பிவிட்டார் போல.

அந்த ரெஜிமென்ட் விமானி ஜிம் வால்வர்க்கை எடுத்துக்கொள்வோம். 1944 ஜூன் 6, நள்ளிரவு கடந்து சுமார் 7 நிமிடம். நார்மண்டி கடற்கரை மேல் சுமார் 6,000 அடியில் ஹாலிஃபாக்ஸ் விமானத்தின் இழுவைக் கயிற்றைக் கழற்றினார். பிறகு திசைகாட்டியும் ஸ்டாப்வாட்சும்தான் துணை. துணை விமானி ஐன்ஸ்வர்த் நொடிகளை எண்ண, வலப்பக்கம் இரண்டு திருப்பம், பிறகு இலக்கான கான் கால்வாய்ப் பாலம்.

அவர் ஓட்டிய ஹோர்ஸா கிளைடரின் பெரிய ஃப்ளாப்புகள் (இறங்கும்போது வேகத்தையும் உயரத்தையும் குறைக்க இறக்கும் இறக்கைத் தகடுகள்) சிலிண்டரில் அடைத்த அழுத்தக் காற்றில் இயங்கும். இன்ஜின் இல்லை, ஆகவே பறக்கும்போது காற்றை நிரப்ப பம்பும் இல்லை. ஃப்ளாப்பைச் சீக்கிரம் இறக்கினால் உயரம் போய் இலக்குக்கு முன்பே விழும். தாமதித்தால் தாண்டிப் போகும். இன்னொரு சுற்று வரலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. வாலில் இருந்த பிரேக் பாராசூட் விரிந்ததும் வால் மேலெழுந்து மூக்குச் சக்கரம் தரையில் அழுந்தியது. உடனே பாராசூட்டைக் கழற்றிவிட்டார். முள்வேலியில் மோதி நின்றபோது விமானிகள் இருவரும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள். பாலம் 50 கஜத்துக்குள்! தலையில் ரத்தம் வழிய வால்வர்க் வெடிமருந்துப் பெட்டிகளைச் சுமந்து கொடுத்தார். டி.எஃப்.எம். என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கம் கிடைத்தது.

1943 சிசிலித் தாக்குதலில் கயிற்றைக் கரைக்குத் தொலைவிலேயே கழற்றியதால் அறுபதுக்கும் மேற்பட்ட கிளைடர்கள் கடலில் விழுந்தன. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.