எந்த திருப்பத்தூர்னு கேக்குறதுக்கு முன்னாடி பின்கோடைப் பாருங்கய்யா

பதினோரு நாள் ஆச்சு. எங்கம்மாவோட காது மெஷின் இன்னும் வீட்டுக்கு வந்து சேரல. சென்னைல சர்வீஸ் பண்ணி வாங்கி, பஞ்சு சுத்தி சின்ன டப்பால போட்டு, அது மேல இன்னொரு டப்பா போட்டு டேப் ஒட்டி, அட்ரஸைக் கொட்டை எழுத்துல எழுதி, திருப்பத்தூர், சிவகங்கை மாவட்டம், 630211னு பின்கோடுக்குக் கீழ ரெண்டு கோடு வேற இழுத்து கொரியர்ல கொடுத்தேன். நாலாவது நாள் டெலிவரி தம்பி போன் பண்றான். "சார் பஸ் ஸ்டாண்ட்ல நிக்கிறேன், திருத்தளிநாதர் கோவில் எந்தப் பக்கம் சார், யாரைக் கேட்டாலும் அப்படி ஒரு கோவிலே இங்க இல்லங்கிறாங்க"ன்னு. எனக்கு அப்பவே வயித்துல புளியக் கரைச்சிருச்சு.

எந்த ஊர்ல நிக்கிறீங்க தம்பின்னா திருப்பத்தூர் சார்ங்கிறான். எந்த மாவட்டம்னா திருப்பத்தூர் மாவட்டம் சார்ங்கிறான். அவ்ளோதான், முடிஞ்சுது கதை. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்துல இருக்குற திருப்பத்தூருக்குப் போயிருச்சு பார்சல். எங்க ஊருக்கும் அதுக்கும் நடுவுல முன்னூறு கிலோமீட்டருக்கு மேல இருக்கு.

அந்தத் தம்பி மேல எனக்குக் கோவமே இல்ல. வெயில்ல நின்னு நாலு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் எனக்கு போன் பண்ணியிருக்கான், அவன் கைல என்ன கொடுத்தாங்களோ அதைத்தான் அவன் கொண்டு வர முடியும். என் கோவம் எல்லாம் அதுக்கு அப்புறம் நடந்ததுல. மறுநாள் ஆப்ல பாக்குறேன், "முகவரி தவறு, அனுப்புநருக்குத் திருப்பி அனுப்பப்படுகிறது"ன்னு போட்டிருக்கான். என் முகவரி தவறாம்! மாவட்டம் எழுதியிருக்கு, பின்கோடு எழுதியிருக்கு, கோவில் பேரு எழுதியிருக்கு, தெரு, கதவு எண், போன் நம்பர் எல்லாம் இருக்கு, இதுல எது தவறு? கஸ்டமர் கேர்ல நாப்பது நிமிஷம் பாட்டு கேட்டுட்டு உக்காந்திருந்தா கடைசில ஒரு அம்மா வந்து, "சார் எங்க சிஸ்டம்ல திருப்பத்தூர்னு அடிச்சா ஒன்னுதான் வருது"ன்னு சொல்றாங்க. ஒன்னுதான் வருதுன்னா அது உங்க சிஸ்டத்தோட தப்பும்மா, எங்க ஊரோட தப்பா?

எங்கம்மாவுக்கு மெஷின் இல்லன்னா போன்ல ஒன்னுமே கேக்காது. பக்கத்து வீட்டுப் பொண்ணு வீடியோ கால் போட்டு அம்மா கைல கொடுக்கும், நான் ஒரு நோட்டுல "நாளைக்கு வந்துரும்"னு பெருசா எழுதி கேமரா முன்னாடி காட்டுவேன், அம்மா கண்ணாடிய மேல தூக்கிப் பாத்துட்டு தலையாட்டும். ஏழு நாளா அதே பக்கத்தையே காட்டிட்டு இருக்கேன். புதுசா எழுதக்கூட வேண்டியதில்ல. யாரு வந்து கதவைத் தட்டுனாலும் கேக்க மாட்டேங்குதுன்னு அம்மா பகல் பூரா திண்ணையிலயே உக்காந்திருக்குதாம், கொரியர்காரன் வந்து தட்டிட்டுப் போயிருவானோன்னு. இதை அந்தப் பொண்ணு சொன்னப்போ எனக்கு என்ன பண்றதுன்னே தெரியல.

இது இன்னைக்கு நேத்து ஆரம்பிச்ச பிரச்சனை இல்ல, ஆனா 2019க்கு அப்புறம் தலைக்கு மேல போயிருச்சு. அந்த வருஷம் நவம்பர் 28ஆம் தேதி வேலூரை மூணாப் பிரிச்சு ராணிப்பேட்டை, திருப்பத்தூர்னு ரெண்டு புது மாவட்டம் வந்துச்சு. வரட்டும், அந்த மக்களுக்கு அது நியாயமா கிடைக்க வேண்டியதுதான், ஏலகிரி ஜவ்வாது மலைல இருக்குறவங்க கலெக்டர் ஆபீஸ் போகணும்னா வேலூர் வரைக்கும் அலைஞ்சதெல்லாம் கொஞ்சமா? ஆனா அன்னைல இருந்து திருப்பத்தூர்னாலே அது மட்டும்தான்னு ஆகிப்போச்சு. எந்த ஃபார்ம்ல ஊர் பேரைத் தட்டுனாலும் மொதல்ல அந்த மாவட்டம்தான் வந்து நிக்குது. டிவில மழை நியூஸ் கீழ ஓடும், "திருப்பத்தூரில் பள்ளிகளுக்கு விடுமுறை"ன்னு, மாவட்டம்ங்கிற ஒரு வார்த்தையைப் போடக் கூட இடம் இல்லையாம், எங்க ஊர்ல புள்ளைங்க யூனிஃபார்மைக் கழட்டிப் போட்டுட்டு விளையாடப் போயிரும், அப்புறம் பத்து மணிக்கு ஸ்கூல்ல இருந்து ஏன் வரலன்னு போன் வரும். ஓட்டு எண்ணிக்கை அன்னைக்கு இன்னும் கொடுமை. சட்டமன்றத் தொகுதிலயே ரெண்டு திருப்பத்தூர் இருக்கு, 50ஆவது தொகுதி அவங்களோடது, 185ஆவது எங்களோடது, டிவிக்காரங்க நம்பரைப் போடாம "திருப்பத்தூரில் முன்னிலை"ன்னு மட்டும் போட்டா எந்த ஊர்ல பட்டாசு வெடிக்கிறது?

என் தங்கச்சி கல்யாணத்தப்போ மாப்பிள்ளையோட சிநேகிதப் பசங்க ஆறு பேரு பெங்களூர்ல இருந்து ஆப்ல பஸ் புக் பண்ணி, முகூர்த்தம் அன்னைக்கு விடியக்காலம் மூணு மணிக்கு அந்தத் திருப்பத்தூர்ல இறங்கிட்டு "மண்டபத்துக்கு ஆட்டோ எவ்ளோங்க ஆகும்"னு எனக்கு போன் பண்ணாங்க. வந்து சேந்தப்போ பந்தி முடிஞ்சு பாத்திரம் கழுவிட்டு இருந்தாங்க. எங்க மாமா அந்தப் பசங்களுக்குன்னு தனியா இலை போட்டு, மிச்சம் இருந்த சாம்பாரைச் சுட வச்சு ஊத்துனாரு. பாவம் அந்தப் பசங்க முகமே சரியில்ல, ஒரு போட்டோல கூட இல்ல அவங்க.

சரி, பேரு ஒன்னா இருக்குறதால ஊரும் ஒன்னா ஆயிருமா? எங்க ஊரு அப்பரும் சம்பந்தரும் பாடுன ஊரு. தேவாரத்துல திருப்புத்தூர்னுதான் இருக்கும், கோவிலுக்குப் பேரு திருத்தளி. புத்து இருந்த ஊருங்கிறதாலதான் புத்தூர்னு எங்க அப்பத்தா சொல்லும், அது பேச்சு வழக்குல மாறி திருப்பத்தூர் ஆயிருச்சு. 1300 வருஷத்துக்கு மேல அங்க இருக்குற கோவிலைத்தான் அந்த சிஸ்டம் இல்லன்னு சொல்லுது. யோக நிலையில உக்காந்திருக்குற பைரவரைப் பாக்கணும்னு எங்கெங்கயோ இருந்து வர்றாங்க. இந்தப் பக்கம் பிள்ளையார்பட்டி, அந்தப் பக்கம் திருக்கோஷ்டியூர், குன்றக்குடி, எல்லாம் கூப்பிடு தூரம். இவ்ளோ இருந்தும் எங்க ஊருக்கு ரயில் கிடையாது, காரைக்குடிக்குத்தான் போகணும். அதனாலயே ரயில் டிக்கெட்ல திருப்பத்தூர்னு யாராவது போட்டா அது எங்க ஊரே இல்லன்னு அர்த்தம், அதுவும் தெரியாம போட்டுட்டு நிக்கிறவங்க எத்தன பேரு.

எல்லாத்துக்கும் மேல இது மருது சகோதரர்களைத் தூக்குல போட்ட மண்ணு. 1801 அக்டோபர் 24, எங்க திருப்பத்தூர் கோட்டைல. அதே வருஷம் ஜூன் மாசம் திருச்சில சின்ன மருது ஜம்புத் தீவுப் பிரகடனத்தை ஒட்டி வெள்ளைக்காரனை எதுத்து எல்லாச் சாதி ஜனங்களையும் கூப்பிட்டாரு, நாலே மாசத்துல ரெண்டு பேரையும் புடிச்சு எங்க ஊர்ல தொங்க விட்டான். வருஷா வருஷம் அன்னைக்கு நினைவு மண்டபத்துல மாலை போடுறாங்க. அந்த நாள் வந்தா என் போன்ல வர்ற ஃபார்வர்டைப் பாருங்க, "வேலூர் அருகே உள்ள திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர்"னு வருது. படிச்சவங்க அனுப்புறாங்க! ஒரு தடவ எங்க அக்கா பையன் ஸ்கூல் பேச்சுப் போட்டிக்கு அதையே மனப்பாடம் பண்ணிட்டு வந்து என்கிட்ட சொல்லிக் காட்டுனான். பொறந்த ஊர்ல, அந்த மண்டபத்துல இருந்து நடந்து போற தூரத்துல இருக்குற வீட்ல உக்காந்துகிட்டு, வேலூர் பக்கம்னு சொல்றான் அவன். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

அந்தத் திருப்பத்தூரைக் குறைச்சுச் சொல்லணும்னு இதெல்லாம் சொல்லல. அதுவும் பெரிய வரலாறு உள்ள ஊருதான். 1792ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து பாராமகால்ங்கிற சேலம், கிருஷ்ணகிரி பக்கத்துச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனப்போ அலெக்சாண்டர் ரீட்ங்கிற கம்பெனி அதிகாரி அங்க உக்காந்துதான் நிர்வாகம் பண்ணான், தாமஸ் மன்றோ அவன்கிட்ட உதவியாளா இருந்து வேலை கத்துக்கிட்டவன், விவசாயிகிட்டயே நேரா வரி வாங்குற ரயத்துவாரி நிலவரி முறைக்கு அங்கதான் அடிப்படை போட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு திருப்பத்தூர்ல வரிக்கணக்கு போட்டுட்டு ரீட் கிளம்புனது 1799ல, ரெண்டே வருஷத்துல அதே கம்பெனி இன்னொரு திருப்பத்தூர்ல தூக்கு மரம் நட்டுச்சு. ரெண்டு ஊருக்கும் சொல்ல இவ்ளோ கதை இருக்கு, ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் குழப்புனா ரெண்டு கதையும்தான் போகும். அந்த ஊர் சேலம் ஜில்லால இருந்து 1911ல வட ஆற்காடு போயி, அப்புறம் வேலூர்ல இருந்து, இப்போ தானே மாவட்டம். எங்க ஊர் ராமநாதபுரத்துல இருந்து, 1985ல பிரிஞ்சு, இப்போ சிவகங்கை. எந்தக் காலத்துலயும் ரெண்டும் ஒரே ஜில்லால இருந்ததே கிடையாது. அவங்களுக்கு மட்டும் நிம்மதியான்னு கேட்டா அதுவும் இல்ல. அவங்க ஸ்டேஷன் கோடு டிபிடி, திருப்பதியோடது டிபிடிஒய், ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், பெருமாளைப் பாக்கக் கிளம்புற குடும்பம் அவசரத்துல அந்த ஒரு எழுத்தை விட்டுட்டா என்ன ஆகும்?

மூணாவது ஒன்னும் இருக்கு. திருச்சில இருந்து சென்னை போற ரோட்டுல சிறுகனூர் பக்கத்துல, பிரம்மபுரீஸ்வரர் கோவில் இருக்குற திருப்பட்டூர். பழைய பேரு திருப்பிடவூர்னு சொல்வாங்க. எழுத்துல "ட்டூ" இருக்கு, ஆனா இங்கிலீஷ்ல எழுதுனா மூணும் ஒன்னுபோலத்தான் நிக்கும். ஒருத்தன் ஒரு "பி" போடுவான், ஒருத்தன் ரெண்டு "பி", ஒருத்தன் "டி", ஒருத்தன் "டிஹெச்". 2020 ஜூன்ல 1,018 ஊருங்களுக்கு இங்கிலீஷ் ஸ்பெல்லிங்கை மாத்தி ஆணை போட்டாங்க, கொஞ்ச நாள்லயே வாபஸும் வாங்கிட்டாங்க. எங்கப்பா பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல பெட்டிக்கடை வச்சிருந்தாரு. ஒருநாள் ராத்திரி எட்டு மணி இருக்கும், ஓசூர்ல இருந்து ஒரு குடும்பம் கார்ல வந்து இறங்குச்சு. அந்தம்மா கைல மஞ்சத் துணில சுத்துன ஜாதகம், பொண்ணுக்கு ரெண்டு வரன் தட்டிப் போச்சாம், பிரம்மா சன்னதில வச்சு எடுக்கணும்னு காலைல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படாம வந்திருக்காங்க. போனு காட்டுன வழியில வந்துட்டாங்க. அப்பா அவங்களுக்கு, திருச்சியத் தாண்டிப் போகணும்மா, இங்க இருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல வரும்னு சொன்னதும் அந்தம்மா ஒன்னும் பேசல, கடை பெஞ்சுல உக்காந்து அந்த மஞ்சத் துணியையே பாத்துட்டு இருந்துச்சு. அப்பா காசு வாங்காம அந்தப் பொண்ணுக்கு ஒரு சோடா உடைச்சுக் கொடுத்தாரு.

இதே மாதிரி குருபகவான் இருக்குற ஆலங்குடிக்குப் போறேன்னு புதுக்கோட்டை ஆலங்குடில போய் நிக்கிறவங்க, மதுரை திருமங்கலத்துக்கு அனுப்புனது சென்னை திருமங்கலத்துல கிடக்குறதுன்னு எல்லா ஊர்லயும் இந்தக் கதை இருக்கு. தமிழ்நாட்டுல ஊர் பேரெல்லாம் கோவிலை வச்சு, மரத்தை வச்சு, புத்தை வச்சு வந்தது, ரெண்டு இடத்துல ஒரே பேரு வரத்தான் செய்யும். அதுக்கு வழியும் அம்பது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணி வச்சாச்சே! 1972 ஆகஸ்ட் 15ல பின்கோடு கொண்டு வந்தாங்க. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர்னு தபால் துறை அதிகாரி ஒருத்தர், சமஸ்கிருதத்துல கவிதை எழுதுறவரு, நாட்டுல ஒரே பேர்ல ஊருங்க ஏகப்பட்டது இருக்கு, ஆளாளுக்கு ஒரு பாஷைல அட்ரஸ் எழுதுறாங்க, தபால் தப்பிப் போகுதேன்னு உக்காந்து யோசிச்சு ஆறு நம்பர்ல முடிச்சு வச்சாரு. மொத மூணு நம்பர் எந்தப் பக்கத்துக்குப் பிரிக்கணும்னு சொல்லிரும், கடைசி மூணு எந்தத் தபால் ஆபீஸ்னு சொல்லிரும். எங்களோடது 630211. அவங்களோடது 635601. ஒன்னாங்கிளாஸ் புள்ள கூட ரெண்டும் வேற வேறன்னு சொல்லும். எங்க தெரு தபால்காரர் சைக்கிள்ல வந்த காலத்துல, எங்க சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து ஊர் பேரும் பின்கோடும் மட்டும் போட்டு அனுப்புன லெட்டரு ஒன்னு கூடத் தப்புனதில்ல. இப்போ சாட்டிலைட்டு இருக்கு, மேப் இருக்கு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா மெசேஜ் வருது, "உங்கள் பார்சல் உங்களை நோக்கி வந்துகொண்டிருக்கிறது"ன்னு. எங்கய்யா வருது? ஆம்பூரைத் தாண்டிப் போயிட்டு இருக்கு.

ஊர் பேரை மாத்திக்கோங்கன்னு ஒரு புத்திசாலி எனக்கு யோசனை சொன்னாரு. ஏன் மாத்தணும்? தேவாரத்துல இருக்குற பேரை ஒரு லிஸ்ட்ல ரெண்டு வரி சேக்க சோம்பேறித்தனப்படுறவனுக்காக மாத்தணுமா? அந்த ஊர்க்காரங்களும் மாத்த வேண்டாம். ஆப் செய்றவங்க திருப்பத்தூர்னு தட்டுனா மாவட்டத்தோட சேத்து தனித்தனியாக் காட்டுங்க. டிவில மாவட்டமா ஊரான்னு போடுங்க. மூட்டையப் பிரிக்கிறவங்க ஊர் பேரைப் பாக்குறதுக்கு முன்னாடி நம்பரைப் பாருங்க. இதுக்கு எவனும் கோடி ரூவா செலவு பண்ண வேண்டியதில்ல.

திரும்பி சென்னைக்கு வந்த பார்சலை முந்தாநேத்து மறுபடியும் போட்டிருக்கேன், இந்தத் தடவ ஊர் பேரையே எழுதல, காரைக்குடி வழின்னு எழுதி, பின்கோடை சிவப்பு மார்க்கர்ல டப்பாவோட மூணு பக்கமும் எழுதியிருக்கேன். இப்போ வரைக்கும் ஆப்ல "புறப்பட்டது"ன்னு மட்டும்தான் இருக்கு. காலைல காரைக்குடின்னு வரலன்னா வேற மெஷின் கடன் வாங்கியாவது ராத்திரி பஸ்ல நானே எடுத்துட்டுப் போறேன். அம்மா இன்னமும் திண்ணையிலதான் உக்காந்திருக்குதாம்.